“அவன் எங்களைத் திட்டவில்லை” என்ற நிம்மதி

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறோம். சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, 13 வயது மகனும் அவன் நண்பனும் நியூயார்க் போய் மியூசியம் பார்க்க ஆசைப்பட்டார்கள். நானும் அந்தப் பையனின் பாட்டியும் துணைக்குப் போனோம். அவர்கள் கொரியாக்காரர்கள். திரும்பி வரும் ரயிலில் ஒரு ஆள் அந்தப் பாட்டியைப் பார்த்து, “வைரஸைக் கொண்டுவந்தது நீங்கள்தானே, உங்கள் ஊருக்கே போய்த் தொலையுங்கள்” என்று கத்திவிட்டு அவர் காலடியில் துப்பினான். பெட்டியில் யாரும் வாய் திறக்கவில்லை, நானும்தான். மகன் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொன்னால், அவன் எங்களைத் திட்டவில்லை என்று ஒரு நிமிடம் நிம்மதியாகக்கூட இருந்தது. வீட்டில் சொன்னபோது கணவர், “அது சைனாக்காரங்க பிரச்சினை, நமக்கு எதுக்கு? அவன் ஏதோ பைத்தியம்” என்றார். எங்கள் கோயில் வாட்ஸ்அப் குழுவில் “இதெல்லாம் கறுப்பர்கள் செய்வது” என்று வீடியோக்கள் வருகின்றன. அவரும் அவற்றை ஃபார்வர்டு செய்கிறார். மகன் சாப்பாட்டு மேஜையில் “அப்பா, நீங்க ஒரு ரேசிஸ்ட்” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான். இப்போது இருவரும் பேசிக்கொள்வதில்லை. நான் ரயிலில் போகும்போது பொட்டு வைப்பதை நிறுத்திவிட்டேன். அந்த ஆள் செய்தது இனவெறியா, மனநோயா? மகனிடம் என்ன சொல்வது? அந்தச் சீனப் பாட்டியின் முகத்தில் விழிக்கவே கூச்சமாக இருக்கிறது.

(பெயர் வேண்டாம்)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த ஒரு நிமிட நிம்மதியை நீங்கள் மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். ஆலோசனைக்கு வரும் நம் ஊர்க்காரர்கள் பலர் அதைச் சுற்றிச் சுற்றி வருவார்கள், வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். உங்கள் கணவர் சொன்ன “நமக்கு எதுக்கு?” என்பதும் அதே நிம்மதிதான். இந்தக் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டதும் அதுதான். அதற்கு வருகிறேன். முதலில் நீங்கள் கேட்டதற்குப் பதில்.

இனவெறியா, மனநோயா? நான் பார்க்காத ஒருவருக்குக் கடிதத்தை வைத்து நோய் சொல்ல மாட்டேன். மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தொந்தரவு செய்வதில்லை, தொந்தரவுக்கு ஆளாகிறவர்களே அவர்களில் அதிகம் என்பதையும் என் தொழில் காரணமாகச் சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது. ஆனால் அவருக்கு நோயே இருந்ததாக வைத்துக்கொள்வோம். பெட்டி நிறைய ஆள் இருக்க, அவர் கண் ஏன் ஒரு வயதான கொரியப் பெண்மணியின் மேல் போய் நின்றது? மனம் கலங்கியவருக்கும் கத்துவதற்கு வார்த்தை எங்கிருந்தாவது கிடைக்க வேண்டுமே. “வைரஸைக் கொண்டுவந்தது நீங்கள்” என்ற வார்த்தை அவர் மூளையில் தானாக முளைத்ததில்லை. 2020 மார்ச்சில் இந்த நாட்டின் அதிபர் டிரம்ப்பே அதைச் “சீன வைரஸ்” என்று எழுதினார். அதற்கு 120 ஆண்டுகளுக்கு முன்னால், 1900இல், சான் பிரான்சிஸ்கோவில் பிளேக் என்ற சந்தேகம் வந்ததும் சைனாடவுனைச் சுற்றிக் கயிறு கட்டி அடைத்தார்கள். உள்ளே இருந்த வெள்ளையர்களை வெளியே விட்டுவிட்டு, அவர்கள் கடைகளையும் கோட்டுக்கு வெளியே தள்ளி, சீனர்களை மட்டும் அடைத்தார்கள். சீனர்களை மட்டும் குறிவைத்த அடைப்பு இது என்று நீதிமன்றமே சொல்லி நீக்க வேண்டியிருந்தது. உங்கள் ரயிலில் கத்தியவர் இந்த வரலாற்றைப் படித்திருக்க மாட்டார். படிக்காமலே அந்த வார்த்தை அவர் வாய்க்கு வந்துவிட்டது, பாருங்கள்.

இனவெறி எதிர்ப்பு என்று நாங்கள் பேசும்போது, ஒரு ஆளின் மனதைத் திறந்து உள்ளே வெறுப்பு எத்தனை கிராம் என்று எடை போடுவதில்லை. அடி யார் மேல் விழுகிறது, அவர் மேல் விழுவதை எந்தச் சட்டமும் எந்தப் பழக்கமும் எளிதாக்கின, விழுந்த பிறகு யார் அவருக்குத் துணை நிற்கிறார்கள் என்றுதான் பார்க்கிறோம். உங்கள் கணவருக்கு இப்படிச் சொன்னால் பிரசங்கம் மாதிரி இருக்கும். அட்லாண்டாவைச் சொல்லுங்கள்.

2021 மார்ச் 16 அன்று, 21 வயது வெள்ளைக்கார இளைஞன் ஒருவன் அட்லாண்டாவிலும் அதற்கு அருகிலும் மூன்று மசாஜ் நிலையங்களில் சுட்டதில் 8 பேர் செத்தார்கள். அவர்களில் 6 பேர் ஆசியப் பெண்கள். தனக்குக் காமப் பழக்கம் விடவில்லை, அந்தச் சபலத்தை ஒழிக்கத்தான் சுட்டேன், இனம் காரணமில்லை என்று அவன் போலீசில் சொன்னான். மறுநாள் செரோக்கி கவுன்ட்டி (நம் மாவட்டம் மாதிரி) ஷெரிஃப் அலுவலக அதிகாரி, அவனுக்கு அது ரொம்ப மோசமான நாளாக இருந்தது என்று பத்திரிகையாளர்களிடம் பேசினார். அந்தக் கவுன்ட்டி அரசு வழக்கறிஞர் இதில் இனவெறிக்கு ஆதாரம் இல்லை என்றார். பக்கத்து ஃபுல்டன் கவுன்ட்டி அரசு வழக்கறிஞரோ இனம், பாலினம் இரண்டின் அடிப்படையிலான வெறுப்புக் குற்றம் என்று மனு போட்டார். ஒரே மாலை, ஒரே துப்பாக்கி, இரண்டு கவுன்ட்டிகளில் இரண்டு பதில்.

நான் ஃபுல்டன் கவுன்ட்டி பக்கம். ஆசியப் பெண் என்றாலே சபலம் என்ற எண்ணம் அவனோடு பிறந்ததில்லை. 1875இல் அமெரிக்க நாடாளுமன்றம் பேஜ் சட்டம் என்று ஒன்றை இயற்றியது. சீனா, ஜப்பான் முதலிய கீழை நாடுகளிலிருந்து வரும் பெண்கள் விபச்சாரத்துக்கு வருகிறார்களா என்று விசாரித்துத் தடுக்க வழி செய்த சட்டம். நடைமுறையில் சீனப் பெண்கள் கிட்டத்தட்ட எல்லோருமே சந்தேகத்துக்கு ஆளானார்கள். சீனத் தொழிலாளர்கள் உள்ளே வரத் தடைபோட்ட சட்டம் வந்தது அதன் பிறகுதான், 1882இல். அது 1943 வரை இருந்தது. ஆக, ஆண்களைத் தடுக்கும் முன்பே பெண்களைக் கேவலப்படுத்தியாயிற்று.

இன்னொன்றும் உண்டு. ஃபுல்டன் வழக்கறிஞர் கையில் எடுத்த வெறுப்புக் குற்றச் சட்டம், அட்லாண்டா இருக்கும் ஜார்ஜியா மாநிலத்துக்கு 2020 ஜூனில்தான் வந்தது. தெருவில் ஓட்டப்பயிற்சி போய்க்கொண்டிருந்த அகமாட் ஆர்பெரி என்ற கறுப்பின இளைஞரை வெள்ளையர்கள் துரத்திச் சுட்டுக் கொன்றதால் எழுந்த கொந்தளிப்பில் வந்த சட்டம் அது. அடுத்த ஆண்டே அது ஆசியப் பெண்களுக்காக நீதிமன்றம் ஏறியது.

அப்புறம், வாட்ஸ்அப் குழு. மகனிடம் பொய் சொல்ல வேண்டாம். அந்த வீடியோக்களில் சிலவற்றில் அடிப்பவர் கறுப்பினத்தவர்தான். சான் பிரான்சிஸ்கோவிலும் நியூயார்க்கிலும் அப்படி நடந்தன, வயதானவர்கள் செத்திருக்கிறார்கள். ஆனால் வாட்ஸ்அப்பில் எந்த வீடியோ ஓடுகிறது என்பது வேறு, நாட்டில் என்ன நடக்கிறது என்பது வேறு. 1992 முதல் 2014 வரை பதிவான வெறுப்புக் குற்றங்களை எடுத்து ஆராய்ந்தவர்கள், ஆசியர்களைத் தாக்கியவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு வெள்ளையர்கள் என்று கண்டார்கள். எப்.பி.ஐ. கணக்கில் 2021இல் ஆசியர்களுக்கு எதிரான சம்பவங்கள் 746. கறுப்பினத்தவருக்கு எதிரானவை 3,200க்கு மேல். ஆசியர்கள் போலீசுக்குப் போவது குறைவு என்பதால் அந்த 746 உண்மையைவிட மிகச் சிறிய எண். ஆசியர்கள் மீதான வெறுப்பை எதிர்க்கும் ஸ்டாப் ஏஏபிஐ ஹேட் என்ற அமைப்பு 2020 மார்ச் முதல் இரண்டு ஆண்டுகளில் திரட்டிய புகார்கள் மட்டும் 11,000ஐத் தாண்டின. அவற்றில் பெரும்பாலானவை உங்கள் ரயிலில் நடந்த மாதிரித் திட்டும் வசவும். ரத்தம் வராததால் எந்த வீடியோவிலும் ஏறாதவை.

கறுப்பினத்தவருக்கும் ஆசியர்களுக்கும் நடுவே கசப்பே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 1991இல் லாஸ் ஏஞ்சலிஸில் 1 டாலர் 79 சென்ட் ஆரஞ்சு ஜூஸ் பாட்டிலுக்காக ஒரு கொரியக் கடைக்காரப் பெண்மணி 15 வயதுக் கறுப்பினச் சிறுமியைப் பின்னந்தலையில் சுட்டார். சிறுமி கையில் காசு இருந்தது. நீதிபதி சிறைத் தண்டனை விதிக்கவில்லை. அடுத்த ஆண்டு, ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அடித்த போலீஸ்காரர்கள் விடுதலையானதும் நகரம் எரிந்தபோது, 2,000க்கும் மேற்பட்ட கொரியக் கடைகள் நாசமாயின. போலீஸ் கொரியாடவுனை அதன் பாட்டுக்கு விட்டுவிட்டுப் பணக்காரப் பகுதிகளைக் காக்கப் போனது. கறுப்பர்கள் கடையை எரித்தார்கள், கொரியர்கள் கறுப்பரைச் சுட்டார்கள் என்று இரண்டு தரப்பும் இன்றுவரை பேசுகின்றன. வங்கிக் கடனும் நல்ல பள்ளியும் கிடைக்காத பேட்டையில் இரண்டு ஏழைக் கூட்டங்களைக் கடைக்கு உள்ளேயும் வெளியேயும் எதிரெதிராக நிறுத்தியது யார் என்ற பேச்சு மட்டும் எடுபடவே இல்லை.

சரி, “நமக்கு எதுக்கு?” விஷயத்துக்கு வருவோம்.

1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கிய பிறகு, அமெரிக்காவில் இருந்த சீனர்கள் பலர் “நான் சீனன்” என்று எழுதிய பேட்ஜைச் சட்டையில் குத்திக்கொண்டு வெளியே போனார்கள். ஜப்பானியர் என்று நினைத்து யாராவது அடித்துவிடக் கூடாதே. சீன முகத்துக்கும் ஜப்பானிய முகத்துக்கும் என்ன வித்தியாசம் என்று மூக்குக்கும் கன்னத்துக்கும் கோடு இழுத்துப் படம் போட்டது ஒரு பிரபலப் பத்திரிகை. சில மாதங்களில் சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களுக்கு அனுப்பினார்கள்; பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். பேட்ஜ் குத்தியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பயம், என்ன செய்வார்கள்? ஆனால் அந்தப் பேட்ஜுக்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு செய்தி என்ன? ஜப்பானியன் அதோ போகிறான், அவனை அடித்துக்கொள்.

அது காப்பாற்றவும் இல்லை. 1982இல் டெட்ராய்ட் பக்கத்தில் வின்சென்ட் சின் என்ற 27 வயதுச் சீன அமெரிக்கரைப் பேஸ்பால் மட்டையால் அடித்துக் கொன்றார்கள். கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு. அடித்தவர்கள் ஒரு கிரைஸ்லர் கார் ஆலை மேற்பார்வையாளரும் அவர் மனைவியின் மகனும். ஜப்பான் கார்கள் வந்து டெட்ராய்ட் தொழிலாளிகளின் வேலை போய்க்கொண்டிருந்த காலம். சின் ஜப்பானியர் இல்லை. கொன்ற இருவருக்கும் மாநில நீதிமன்றம் கொடுத்தது ஆளுக்கு 3,000 டாலர் அபராதமும் மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்பும். சிறைக்கு அனுப்பும் மாதிரியான ஆட்கள் இவர்கள் இல்லை என்பது நீதிபதி சொன்ன விளக்கம்.

நம் ஆட்களும் பேட்ஜ் குத்திப் பார்த்தவர்கள்தான், அதுவும் உச்ச நீதிமன்றத்திலேயே. வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் மட்டும்தான் குடியுரிமை என்று சட்டம் இருந்த காலத்தில், பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபியர், முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர், நான் ஆரியன், உயர்சாதி, ஆகவே வெள்ளையன் என்று வழக்காடினார். உயர்சாதி இந்து இந்தியப் பழங்குடியை எப்படிப் பார்க்கிறானோ, அப்படித்தான் அமெரிக்கன் நீக்ரோவைப் பார்க்கிறான் என்றுகூட அவர் தரப்பு எழுதிக் கொடுத்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் காது சூடாகும். 1923இல் நீதிபதிகள் ஒருவர் பாக்கியில்லாமல், நீ வெள்ளையன் இல்லை என்று தீர்ப்பளித்தார்கள். ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர்கள் பலரிடமிருந்தும் அதைப் பிடுங்கினார்கள். அப்படி இழந்தவர்களில் ஒருவரான வைஷ்ணோ தாஸ் பகாய் 1928இல் கலிபோர்னியாவில் தற்கொலை செய்துகொண்டார்.

ரொம்பப் பழைய கதை என்று உங்கள் கணவர் சொன்னால், எடிசனிலிருந்து அரை மணி, முக்கால் மணி நேரத்தில் போய்விடும் ஜெர்சி சிட்டியைக் காட்டுங்கள். 1987இல் அங்கே டாட்பஸ்டர்ஸ் (பொட்டு ஒழிப்பவர்கள்) என்று தங்களை அழைத்துக்கொண்ட ஒரு கும்பல் உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதியது. இந்தியர்களை ஊரைவிட்டு விரட்ட எந்த எல்லைக்கும் போவோம், டெலிபோன் புத்தகத்தில் பட்டேல் என்ற பெயரைப் பார்த்து ஆளைப் பிடிப்போம் என்று. அவர்கள் குறி உங்கள் நெற்றிப் பொட்டு. அந்தச் செப்டம்பரில் பக்கத்து ஹோபோக்கனில் நவ்ரோஸ் மோடி என்ற வங்கி மேலாளரை இளைஞர் கூட்டம் ஒன்று அடித்தே கொன்றது. அவர் பார்சி, இந்துவே இல்லை. கூட இருந்த வெள்ளைக்கார நண்பரை யாரும் தொடவில்லை. பிடிபட்டவர்களில் ஒருவர் மீதும் கொலைக் குற்றம் நிற்கவில்லை. 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு முஸ்லிம் என்று சீக்கியரைச் சுட்டார்கள். 2017இல் கன்சாஸில், “என் நாட்டைவிட்டு வெளியே போ” என்று கத்திக்கொண்டு ஹைதராபாத் இன்ஜினியர் ஒருவரை மது விடுதியில் ஒருவன் சுட்டுக் கொன்றான். ஒவ்வொரு தடவையும் நம் பக்கத்திலிருந்து ஒரு குரல் வரும்: அவர் முஸ்லிம் இல்லையே, தப்பாக நினைத்துவிட்டார்களே. சரியாக நினைத்து ஒரு முஸ்லிமைச் சுட்டிருந்தால் பரவாயில்லையா?

இன்னொன்றையும் அவரிடம் சொல்லலாம், சண்டையாக இல்லாமல். 1946இல் இந்தியர்களுக்கு அமெரிக்கா ஒதுக்கியது ஆண்டுக்கு 100 இடம். அந்த அடைப்பு திறந்தது 1965 குடிவரவுச் சட்டத்தால். கறுப்பின மக்கள் அடி வாங்கிச் சிறை போய் நடத்திய சிவில் உரிமைப் போராட்டத்தின் அலையில், வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தான இரண்டே மாதத்தில் வந்தது அது. எடிசனில் நம்மவர்கள் இத்தனை பேர் குடியேற முடிந்தது அந்தக் கதவு வழியாகத்தான். அந்த வீடியோக்களை ஃபார்வர்டு செய்யும் கைக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. நம் பள்ளிகளில் யார் சொல்லித் தந்தார்கள்?

ஒரு சின்னக் குறிப்பு, கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்பி. உங்கள் கடிதத்தின் தொடக்கத்தில் அந்தப் பாட்டி கொரியாக்காரர், கடைசி வரியில் சீனப் பாட்டி. ரயிலில் கத்தியவருக்கும் அந்த வித்தியாசம் தெரியவில்லை. நாம் ஊரிலிருந்தே இந்தப் பார்வையோடுதான் வருகிறோம். 2020 மார்ச்சில் டெல்லியில் ஒரு மணிப்பூர் பெண் மேல் ஒருவன் “கொரோனா” என்று சொல்லித் துப்பினான், சொந்த நாட்டிலேயே. 1962 போருக்குப் பிறகு இந்திய அரசு சுமார் 3,000 சீன வம்சாவளியினரைக் கொண்டுபோய் ராஜஸ்தானில் தேவலி முகாமில் அடைத்தது; அமெரிக்கா ஜப்பானியருக்குச் செய்த அதே காரியம். சப்பை மூக்கு ஜோக் உங்கள் குழுவில் வந்தால் யாராவது தடுக்கிறார்களா?

இனி மகன். அவனுடைய கோபத்தில் பாதி அப்பாமேல் இல்லை, தன் மேல். நண்பனின் பாட்டிக்கு அப்படி நடந்தபோது தானும் சும்மா உட்கார்ந்திருந்தோம் என்ற அவமானம். 13 வயதில் அதைச் சொல்லத் தெரியாது. நீங்களே ஆரம்பியுங்கள்: “அன்னிக்கு எனக்கும் பயமா இருந்ததுடா, என்ன செய்யறதுன்னு தெரியல.” அம்மா சொன்னால் அவனும் சொல்வான். அப்புறம், அடுத்த தடவை என்ன செய்யலாம் என்று சேர்ந்து பேசுங்கள். கத்துகிறவரோடு வாக்குவாதம் செய்வது வீரம் இல்லை, ஆபத்து. திட்டு வாங்குகிறவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கத்துகிறவரைப் பார்க்காமலே, “நாம எந்த ஸ்டேஷன்ல இறங்கணும்?” என்று சாதாரணமாகப் பேச்சுக் கொடுக்கலாம், பாதி நேரம் கத்துகிறவருக்குச் சுருதி இறங்கிவிடும். என்ஜே டிரான்சிட் ரயிலில் கண்டக்டர் உண்டு, பையனை அவரிடம் அனுப்பலாம். யாராவது ஏற்கெனவே உதவிக்குப் போய்விட்டால் மட்டும் போனில் பதிவு செய்யலாம், அதைப் பாதிக்கப்பட்டவரிடம் கொடுக்க வேண்டுமே தவிர இன்ஸ்டாகிராமில் போடக் கூடாது. ஒன்றுமே முடியாவிட்டால், எல்லாம் முடிந்த பிறகு போய் “நீங்கள் நன்றாக இருக்கிறீர்களா?” என்று கேட்பதும் கணக்கில் சேரும்.

கணவரை ரேசிஸ்ட் என்று அழைப்பதால் அவர் மாறப்போவதில்லை, வாய்தான் மூடிக்கொள்வார். அவருக்குள் இருப்பதும் பயம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. மனைவியும் மகனும் அந்த ரயிலில் இருந்தார்களே. “உங்களுக்குப் பயமா இருந்ததா?” என்று யாராவது அவரிடம் கேட்டிருக்கிறார்களா? தனியாக இருக்கும்போது கேட்டுப் பாருங்கள். மகனிடம், அப்பா சொன்னது தப்பு, ஆனால் அதைப் பேசித் தீர்க்கலாம் என்று நேராகச் சொல்லுங்கள். அப்பாவைக் காப்பாற்ற வேண்டும் என்று அவர் சொன்னதைச் சரி என்று சொல்லிவிடாதீர்கள்.

பொட்டு உங்கள் இஷ்டம். பயத்தில் எடுத்தாலும் கேவலமில்லை, திரும்ப வைத்தாலும் அது போராட்டம் ஆகிவிடாது. ஏன் எடுத்தீர்கள் என்று மகனுக்குத் தெரியட்டும், அது போதும்.

அந்த நண்பன் வீட்டுக்கு இன்னும் போன் செய்யவில்லை என்று நினைக்கிறேன். இன்றைக்கே செய்யுங்கள். “அன்றைக்கு நான் பேசாமல் இருந்துவிட்டேன், வருத்தமாக இருக்கிறது. பாட்டி எப்படி இருக்கிறார்?” இவ்வளவுதான். மன்னிப்பு கேட்டு அழுது, அவர்கள் உங்களைத் தேற்ற வேண்டிய நிலைக்குக் கொண்டுபோக வேண்டாம். போலீசிலோ மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்திலோ புகார் செய்வதா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். செய்தால் சாட்சியாக வருகிறேன் என்று சொல்லிவையுங்கள். ரயில் நேரம், எந்தப் பெட்டி, அந்த ஆள் சொன்ன வார்த்தைகள் எல்லாவற்றையும் மறப்பதற்குள் எழுதிவையுங்கள்.

கடைசியாக ஒரு வேலை, இதை உங்கள் கணவரிடமே கொடுங்கள். ஆசிய அமெரிக்கர்களின் வரலாற்றைப் பள்ளிகளில் கற்பிக்க வேண்டும் என்று நியூ ஜெர்சி 2022 ஜனவரியில் சட்டம் போட்டது; இல்லினாய்க்கு அடுத்து இரண்டாவது மாநிலம். உங்கள் மகன் பள்ளியில் அது எந்த வகுப்பில், எத்தனை பாடமாக நடக்கிறது என்று அவர் மின்னஞ்சல் எழுதிக் கேட்கட்டும். பதில் மழுப்பலாக வந்தால் பள்ளி வாரியக் கூட்டத்துக்கு நேரில் போகலாம், பொதுமக்கள் பேச அங்கே நேரம் ஒதுக்குவார்கள். மகனையும் அந்த நண்பனின் பெற்றோரையும் கூட அழைத்துப் போகச் சொல்லுங்கள்.